மூன்றாம் தட்டு

அக்டோபர் முப்பதாம் தேதி, சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ட்ரம்கானன் ஊரில் மக்கென்னாவின் மதுக்கடைப் பின்னறையில் இருந்தவர்கள் இவர்கள்.

கணப்புக்கு முதுகைக் காட்டி, டார்ட் பலகைக்கு நேர் கீழே, நாடாளுமன்ற உறுப்பினர் கோல்மன் ட்ரெய்னர். அவரை நாங்கள் டெப்யூட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இடப்பக்கம், மடிக்கணினியும் பிரிண்டரும் கையெழுத்துக் கோப்புமாக, அவருடைய உதவியாளர் டிம்ப்னா கானலி. அது நான். கதவை ஒட்டிய பெஞ்சில் அசம்ப்டா கோர்ம்லி. மடியில் ஒரு டஜன் வாத்து முட்டை, கைப்பையில் மூன்று கடிதங்கள். அவருக்குப் பக்கத்தில் டாக்ஸிக்காரர் ஃப்ரான்ஸி டஃபி, தொப்பியைக் கழற்றாமல். ஜன்னலோர மேஜையில் பாக்கி ஸ்மோலன். பாக்கிக்குக் குறை எதுவும் கிடையாது. வீட்டில் குளிர் என்பதால் சனிக்கிழமைதோறும் வருவார்.

ஜன்னலோரம்தான் அறையிலேயே நல்ல இடம். ஆனால் டெப்யூட்டி அங்கே உட்கார மாட்டார். உட்கார்ந்தால், நாட்டின் எல்லையான ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம் அவருடைய கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, 'வெளிநாட்டுக்கு நல்வரவு' என்று செய்தி அனுப்பும். தொகுதியில் உட்கார்ந்து குறை கேட்கும்போதே வெளிநாட்டில் இருப்பதாகப் பதிவாவது எந்த அரசியல்வாதிக்கும் அழகில்லை.

இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கிளினிக் என்று பெயர். மருந்து கொடுப்பதில்லை, வலி எங்கே என்று கேட்டுக்கொள்வதோடு சரி. அதன் பிறகு நடப்பதெல்லாம் என் மேஜையில் மூன்று தட்டுகளில் நடக்கும். முதல் தட்டில் இருக்கும் கடிதம், 'தங்கள் கோரிக்கையை அமைச்சரின் கவனத்துக்கு வலுவாகக் கொண்டு சென்றுள்ளேன்' என்று சொல்லும். இரண்டாம் தட்டில் இருப்பது, 'அமைச்சர் அலுவலகத்தின் பதிலை இத்துடன் இணைத்துள்ளேன்'. மூன்றாம் தட்டுக் கடிதம்தான் தேர்தலில் ஜெயிக்க வைப்பது: 'தங்களுக்காக நான் பெற்றுத் தந்துள்ளேன் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' மூன்றிலும் டெப்யூட்டி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார். மாதத்தின் முதல் திங்களன்று, வானொலியில் குதிரைப் பந்தய வர்ணனை கேட்டபடியே, இருநூறு கையெழுத்து. பெயரையும் விஷயத்தையும் நான் பிரிண்டரில் ஏற்றிக்கொள்வேன்.

பெற்றுத் தந்தது என்றால், பெரும்பாலும் அந்த மனுஷனுக்குத் தானாகவே கிடைக்க வேண்டியதுதான். அலுவலகங்கள் முடிவை மனுதாரருக்குச் சொல்வதற்கு ஒரு நாள் முன்னால் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடும். அந்த ஒரு நாள்தான் எங்கள் பிழைப்பு. அரசாங்கத்தின் கடிதம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதைவிட முக்கியம், ஊனா கீரன்ஸின் கடிதத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எங்கள் தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்கள். மற்ற மூவர் வேறு கட்சி. அவர்களோடு டெப்யூட்டிக்கு நல்ல சிநேகம். ஊனா கீரன்ஸ் சொந்தக் கட்சி. அவருடைய கிளினிக் அதே சனிக்கிழமை, அதே நேரம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் சர்ச் மண்டபத்தில்.

இனி அசம்ப்டாவின் விஷயம். அவருடைய கணவர் ஃபெலிமுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி நாற்பத்தைந்து மைல். பாலம் தாண்டினால் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்பது மைல். கிலோமீட்டர் பலகைகள் பாலத்தோடு முடிந்துவிட்டாலும் பேச்சில் இரண்டு பக்கமும் மைல்தான். சிகிச்சையை அந்தப் பக்கம் செய்துகொள்ள இரண்டு அரசாங்கமும் எப்போதோ சம்மதித்துவிட்டன. அங்கே எப்படிப் போவது என்பதைப் பற்றி மட்டும் இரண்டு அரசாங்கமும் யோசிக்கவில்லை. இரண்டு வருஷமாக அசம்ப்டாதான் காரோட்டிக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். செப்டம்பரில் கண் டாக்டர் அவருடைய இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, நவம்பர் முதல் தேதியிலிருந்து வண்டியைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அரசு செலவில் டாக்ஸி கேட்டு மனுப் போட்டோம். நவம்பர் முதல் தேதி என்பது நாளை மறுநாள், திங்கட்கிழமை.

தவறு நடந்தது வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு. மாவட்டத் தலைநகரின் பயண உதவி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் பட்டியல் வந்தது. டெப்யூட்டி ஏதோ ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். வாரத்துக்கு மூன்று சாவுக்காவது போய்விடுவார். இறந்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கிசுகிசுத்த குரலில் போன் செய்தார்.

"லிஸ்ட் வந்துச்சா?"

"வந்துச்சு டெப்யூட்டி. பதினோரு பேரு. ஆனா 'பரிசீலிக்கப்பட்டவர்கள்'னு மட்டும்தான் போட்டிருக்கு. குடுத்தாங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல."

"இல்லன்னு சொல்றதுக்கு எவனாவது மெனக்கெட்டு லிஸ்ட் போடுவானா டிம்ப்னா? மூணாம் தட்டை எடு."

"நாளைக்கு முடிவு வந்துடும். அதுவரைக்கும்..."

"நாளைக்குள்ள ஊனா பதினோரு வீட்லயும் டீ குடிச்சு முடிச்சிருப்பா. ரொம்பத் தங்கமான மனுஷன்மா, ஊரே அழுவுது. அனுப்பு, அனுப்பு."

தங்கமான மனுஷன் என்றது என்னிடம் இல்லை. நான் அனுப்பினேன். பதினோரு உறை, ஒவ்வொன்றிலும் நாடாளுமன்றத்தின் யாழ் முத்திரை. ஐந்தரை மணித் தபாலில் போயிற்று.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. மூன்று பேருக்கு உண்டு. எட்டுப் பேருக்கு இல்லை. எட்டில் ஒருவர் ஃபெலிம் கோர்ம்லி. காரணம்: 'மனுதாரர் பொதுப் பேருந்து வழித்தடத்திலிருந்து நியாயமான தூரத்தில் வசிக்கிறார்.' அது நிஜம்தான். அவர் வீட்டு வாசலிலேயே பேருந்து நிற்கும். வியாழக்கிழமை மட்டும் வரும். பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிப் போய்விடும்.

டெப்யூட்டிக்குச் சொன்னேன். "சனிக்கிழமை யாராவது வந்தா பாத்துக்கலாம். வரலைன்னா விட்டுடு," என்றார்.

அசம்ப்டா வந்தார்.

வாத்து முட்டைகளை முதலில் டெப்யூட்டியின் முன் வைத்தார். அதற்குப் பக்கத்தில் மூன்று கடிதங்களையும் சீட்டுக்கட்டுப் போல விரித்து வைத்தார். ஒன்று எங்களுடையது. ஒன்று ஊனாவுடையது, ஊனாவின் பெருமகிழ்ச்சி எங்கள் பெருமகிழ்ச்சியைவிட அரை வரி நீளம். மூன்றாவது அலுவலகத்துடையது.

"கோல்மன், முதல்ல உனக்கு நன்றி. முட்டை நேத்து வச்சது," என்றார் அசம்ப்டா. "அப்புறம் ஒரு சந்தேகம். நீ வாங்கிக் குடுத்தேன்னு எழுதியிருக்க. ஊனாவும் வாங்கிக் குடுத்தேன்னு எழுதியிருக்கா. ரெண்டு டெப்யூட்டி வாங்கிக் குடுத்ததை இந்த ஆபீஸ்காரன் எப்படிப்பா இல்லைங்கறான்? அவனுக்குத்தான் ஏதோ தப்பா போயிருக்கும்னு ஃபெலிம் சொல்றார்."

டெப்யூட்டி மூன்றாவது கடிதத்தை மட்டும் எடுத்து, இதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் புருவத்தை உயர்த்தினார்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் தானா அனுப்பறது அசம்ப்டா. மனுஷங்க யாரும் இதைப் பாக்கறதே இல்ல."

"கம்ப்யூட்டருக்கு ஓட்டு இல்ல பாரு," என்றார் பாக்கி ஜன்னலோரத்திலிருந்து, "அதான் தைரியமா இல்லைங்குது."

"பாக்கி, உங்க குறை என்ன?"

"எனக்கென்ன குறை, கணப்பை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அவ்வளவுதான்."

ஃப்ரான்ஸி டஃபி தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒண்ணு தெரியணும் டெப்யூட்டி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் வண்டி எடுக்கறதா வேண்டாமா? உங்க லெட்டரை நம்பி அசம்ப்டாவுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். அந்த ஆபீஸ்தான் எனக்கு வேலையே குடுக்குது. அவங்க வேணாம்னு சொன்ன ஆளை நானா ஏத்திக்கிட்டுப் போனேன்னா, ஸ்கூல் பிள்ளைங்க சவாரியும் போயிடும். ஏதாவது ஒரு காகிதம் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"மேல்முறையீடு பண்ணிடலாம்," என்றார் டெப்யூட்டி, அந்தச் சொல்லை ஒரு பரிசைப் போல நீட்டி. "உடனே பண்ணிடறோம். டிம்ப்னா, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்?"

"பதினாலு வாரம்," என்றேன்.

அசம்ப்டா கோபப்படவில்லை. "ஃபெலிம் மிஷின் இல்லாம ஆறு நாள் தாங்குவார்னு டாக்டர் சொன்னார்," என்றார். "ஏழாவது நாளைப் பத்தி அவர் பேசலை. சரி விடு கோல்மன், நானே ஓட்டறேன். போன புதன்கிழமை பாலத்துல சுவரை உரசிட்டேன். அது சுவருன்னே தெரியலப்பா. மூடுபனின்னு நினைச்சேன்."

பாக்கி ஜன்னல் வழியே ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

டெப்யூட்டி முட்டைகளைப் பார்த்தார். முட்டைகள் உதவவில்லை. அடுத்து என்னைப் பார்த்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லணும்னா அசம்ப்டா, எங்க ஆபீஸ்ல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. டிம்ப்னா அவசரத்துல தட்டை மாத்தி எடுத்துட்டா..."

"கையெழுத்து யாருது?"

"அது என்னுதுதான். ஆனா..."

"நல்ல கையெழுத்து," என்றார் அசம்ப்டா. "உங்கம்மா கையெழுத்து மாதிரியே. அவளும் நானும் ஒரே வகுப்பு. ஊனாகிட்ட இன்னும் போகல. எதிர்லதான் இருக்கா. முட்டை கனமா இருந்துச்சு, கிட்ட இருந்த கதவுக்கு வந்தேன். அவ கடிதத்துக்கு அவ என்ன சொல்றான்னு கேட்டுட்டு வரேன்."

டெப்யூட்டி பாதி எழுந்துவிட்டார். ஃபெலிமின் ஆறு நாள் செய்யாததை ஊனாவின் பெயர் செய்தது. ஊனா முந்திக்கொண்டு தப்பை ஒப்புக்கொண்டால் நேர்மையானவர் என்று பெயர் வாங்கிவிடுவார். உள்ளூர்ப் பத்திரிகை புதன்கிழமை வெளிவருகிறது. "உக்காருங்க, உக்காருங்க. டிம்ப்னா, ஏதாவது சொல்லேன்!"

என் தலையில் தவறைக் கட்டி அரை நிமிடம்கூட ஆகவில்லை. இருந்தாலும் சொன்னேன். டெப்யூட்டிக்காக அல்ல.

"நாம இதுவரைக்கும் அவங்களுக்கு வேண்டுகோளாத்தான் எழுதியிருக்கோம் டெப்யூட்டி. வேண்டுகோளுக்கு இல்லன்னு சொல்ல அவங்ககிட்ட அச்சடிச்ச ஃபாரம் இருக்கு. நன்றி சொல்லி எழுதினா?"

"எதுக்கு நன்றி?"

"குடுத்ததுக்கு."

"குடுக்கலையே."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். 'டாக்ஸி அனுமதித்தமைக்கு உளமார்ந்த நன்றி, நகல் அமைச்சருக்கு'ன்னு ஒரு கடிதம் போச்சுன்னா, 'ஐயா, நாங்க அனுமதிக்கவே இல்லை, நன்றியைத் திரும்ப வாங்கிக்குங்க'ன்னு எழுத அந்த ஆபீஸ்ல எவனுக்குத் தைரியம் வரும்? அமைச்சர் அதுக்குள்ள பாராட்டிப் பதில் போட்டிருப்பார். அவரும் மூணாம் தட்டு வச்சிருக்கார்."

ஃப்ரான்ஸி முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினார். "ஒரு டெப்யூட்டி கையெழுத்துன்னா அங்க சிரிப்பாங்க. நான் பாத்திருக்கேன். ரெண்டு டெப்யூட்டி சேர்ந்து போட்டா பயந்துடுவாங்க. இந்த ஊர்ல அப்படி நடந்ததே இல்ல. அந்த மாதிரி ஒரு காகிதம்னா நான் வண்டி எடுக்கறேன்."

தெருவைக் கடந்து ஊனாவை அழைத்துவரப் பாக்கி போனார். ஏழு வருஷத்தில் பாக்கி செய்த முதல் பொதுச்சேவை அது. என்ன சொல்லி அழைத்தார் என்று தெரியாது. ஊனா கீரன்ஸ் குடையை விரித்தபடியே உள்ளே வந்தார்.

"கோல்மன், யாரோ செத்துட்டாங்கன்னு சொன்னார். யாரு? எனக்கு ஏன் தகவல் வரல?"

"இன்னும் யாரும் சாகல ஊனா," என்றார் அசம்ப்டா. "அதுக்குத்தான் கூப்பிட்டோம்."

விஷயத்தைச் சொன்னோம். ஊனா விவரம் தெரிந்தவர். தன் பெருமகிழ்ச்சிக் கடிதத்தை ஓரக்கண்ணால் பார்த்தார், பத்திரிகை வெளிவரும் கிழமையை நினைத்தார், ஒத்துக்கொண்டார். சண்டை அதன் பிறகுதான் வந்தது.

"என் பேரு மேல வரணும். நான் ரெண்டு தடவை ஜெயிச்சவன்."

"நான் ஒரே தடவைதான் ஜெயிச்சேன், ஆனா உங்களைவிட ஓட்டு அதிகம்."

"போன தடவை நான் ஜெயிச்சது போக மிஞ்சின ஓட்டு உங்க கணக்குல சேராம இருந்திருந்தா நீங்க இன்னைக்கு மண்டபத்துல ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்திருப்பீங்க."

"பின்னத் தெரிஞ்சவ நான். உங்களுக்கு அது கூடத் தெரியாது."

"ஃபெலிம் பேரை மேல போடுங்களேன்," என்றார் அசம்ப்டா. "நோயாளி அவர்தானே."

இரண்டு பேரும் அவரை வினோதமாகப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் போடுவது என்று முடிவாயிற்று. வலப்பக்கம் யார் என்பதற்கு நாணயம் சுண்டினார்கள். ஃப்ரான்ஸி அந்தப் பக்கத்து நாணயத்தைச் சுண்டிவிட்டதால் செல்லாது என்று ஒருமுறை மறுபடியும் சுண்டினார்கள். அப்போது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். பன்னிரண்டு மணிக்கு ஒரு சவ அடக்கப் பூசை. இரண்டு பேருமே அதற்குப் போக வேண்டும். சனிக்கிழமைத் தபால் பன்னிரண்டரைக்கு மூடிவிடும்.

"நான் இன்னும் ஒரு வரிகூட அடிக்கல," என்றேன்.

"கீழ இடம் விட்டுக் காட்டு, போட்டுடறோம். மேல நீ நிரப்பிக்க," என்றார் டெப்யூட்டி.

"இவ நல்லா எழுதுவாளா?" என்று ஊனா கேட்டார், என்னை மேஜையாகப் பாவித்து.

"என் கடிதமெல்லாம் இவதான்."

"அப்ப உங்க எழுத்துல இருந்த அந்த முன்னேற்றம்..."

யாழ் முத்திரைத் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். அடியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊனா தன் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார்; அதைப் பார்த்து டெப்யூட்டி இரண்டு கோடு இழுத்தார்.

அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "டெப்யூட்டி, மத்த ஏழு பேரு?"

"எந்த ஏழு?"

"நாம பெருமகிழ்ச்சி அனுப்பி, ஆபீஸ் இல்லன்னு சொன்னது. எட்டுல ஒருத்தர்தான் ஃபெலிம்."

"அவங்க வந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் தேவையில்லன்னு அர்த்தம்," என்றார். அசம்ப்டாவை இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முழங்கையாகப் பிடித்து, பூசைக்குப் போகும் வழியில் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்க வெளியே கூட்டிப் போனார்கள். எந்தச் சுவரை உரசினார் என்று ஊனா கேட்பது காதில் விழுந்தது. பின்னணிக்கு அது நன்றாக இருக்குமாம்.

ஏழு பேரும் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வருவதற்கு வண்டி இருந்தால் அவர்கள் டாக்ஸி கேட்டிருக்க மாட்டார்கள்.

கடிதத்தை அடித்தேன். ஐயா, வணக்கம். எல்லையோரக் கிராமங்களின் நோயாளிகள்மீது தங்கள் அலுவலகம் காட்டியிருக்கும் பரிவு எங்கள் இருவரையும் நெகிழச் செய்துள்ளது. நவம்பர் முதல் தேதி தொடங்கி, கீழ்க்கண்டவர்களுக்குச் சிகிச்சை நாட்களில் டாக்ஸி அனுமதித்தமைக்கு எங்கள் உளமார்ந்த நன்றி. நகல்: மாண்புமிகு அமைச்சர். பிறகு பெயர்கள். ஃபெலிம் கோர்ம்லி, திங்கள், புதன், வெள்ளி. அவருக்குக் கீழே மற்ற ஏழு பேர், முகவரியோடு, ஆஸ்பத்திரியோடு, கிழமையோடு. ஒரு பெயர்கூட விடவில்லை. கடைசிப் பெயர் இரண்டு கையெழுத்துக்கும் விரலளவு மேலே வந்து நின்றது.

பிரிண்டர் தாளைத் துப்பியபோது பாக்கி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். உதடு அசைய எண்ணினார்.

"எட்டு இருக்கே. அவரு ஒண்ணுதானே சொன்னாரு?"

"ரெண்டு டெப்யூட்டியும் முழுசாப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க, பாக்கி."

பாக்கி கொஞ்சம் யோசித்தார். காலியாகிவிட்ட கணப்போர நாற்காலியில் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"ஆமா," என்றார். "நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவரு ரெண்டு தடவை படிச்சாரு."

நகல் ஒன்றை ஃப்ரான்ஸியிடம் கொடுத்தேன். அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஐந்தாவது பெயரில் விரலை வைத்தார். "இவங்க நம்ம மலைக்கு மேல இருக்கறவங்க. செவ்வாய், வியாழன். இதையும் நானே எடுத்துக்கலாமா?"

"கடிதத்துல இருக்கே," என்றேன்.

நகலை நாலாக மடித்துத் தொப்பிக்குள் செருகி, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அசம்ப்டாகிட்ட சொல்லிடு. எட்டு மணி. ஃபெலிமுக்குப் போர்வை எடுத்துக்கச் சொல்லு, என் வண்டியில ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்."

அசல் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டி, யாழ் முத்திரையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தேன். அமைச்சரின் நகலுக்கு இன்னொரு உறை. தபால் நிலையத்தில் ப்ரீஜ் மக்கார்ட்டன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்.

"உங்க டெப்யூட்டி இன்னைக்கு யாருக்கு என்ன வாங்கிக் குடுத்தாராம்?" என்றார் குனிந்து பார்த்து.

"திங்கக்கிழமை தெரியும்," என்று சொல்லி, இரண்டு உறையையும் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டேன்.